கைவைக்கும் முன் நகலெடுக்கும் கடை: குன்னூரில் ஒரு கணினிப் பழுதுபார்ப்பு

குன்னூர் பெட்ஃபோர்டு வட்டாரத்தில், குறுகலான மாடிப்படி ஏறிச் செல்ல வேண்டிய ஒரு சிறிய கணினிப் பழுதுபார்ப்புக் கடையைப் பற்றிய மதிப்புரை இது. திரை உடைந்தது, பேட்டரி உப்பிவிட்டது, மழைக்காலத்து ஈரத்தில் விசைப்பலகை வேலை செய்யவில்லை போன்ற பழுதுகளை நீலகிரியில் பல கடைகள் நன்றாகவே பார்க்கின்றன. அவற்றுக்காக இந்தக் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பாகமும் பழுதாகாமல், ஒரு மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறிய பிறகு நேற்றுவரை இருந்த ஒன்று காணாமல் போய்விட்டது என்றால், அதைத் தேடும் பொறுமையும் தேடும் முறையும் தெரிந்த கடைகள் மலையில் குறைவு. அந்த ஒரு வகை வேலைக்கு இந்தக் கடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சில குறைகளும் உண்டு; அவற்றையும் எழுதுகிறேன்.

கோத்தகிரிக்கு அருகே நாங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேயின் அலுவலக வேலை முழுவதும் விண்டோஸில் ஓடும் ஒரே லேப்டாப்பில் நடக்கிறது. அறை முன்பதிவுத் தளங்கள், ஜிஎஸ்டி தளம், மின் கட்டணம், மளிகை மொத்த வியாபாரிகளின் தளங்கள் என எல்லாவற்றின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், பரவலாகப் புழங்கும் ஓர் உலாவியிலேயே (பிரவுசர்) ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருந்தன. உலாவி தானாகப் புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் காலையில் எந்தத் தளத்திலும் கட்டங்கள் நிரம்பவில்லை. அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் கடவுச்சொல் பட்டியல் வெறுமையாக இருந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. ஒன்றையுமே சேமித்திராத புதுக் கணினியில் தோன்றும் அதே வாசகம்தான் அங்கே நின்றது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும், உலாவியை மூடித் திறந்தாலும் நிலைமை மாறவில்லை.

‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்ற இணைப்பை அழுத்தினால் தீர்ந்துவிடும் விஷயம்தானே என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். ஒவ்வொரு தளமும் அதற்காக ஓர் ஓடிபி அனுப்பும். அது வந்து சேர வேண்டிய எண்ணுக்கோ, பள்ளத்து மடிப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. போனை எடுத்துக்கொண்டு சாலை வளைவு வரை ஏறிப்போய், ஓடிபியை மனப்பாடம் செய்துகொண்டு இறங்கி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். போதாக்குறைக்கு, வெளிநாட்டு விருந்தினர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரங்களைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிவேற்றியாக வேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் மறைந்துபோன பட்டியலில்தான் இருந்தது. சீசன் நேரத்தில் இப்படி ஒன்று நடந்தால் எவ்வளவு நெருக்கடி என்பதை விருந்தினர் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் காட்டியது வேறோர் ஊரில் உள்ள வேறொரு கடையில். அங்கே லேப்டாப்பை ஐந்து நிமிடம் கூடப் பார்க்கவில்லை. “பார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டுட்டா சரியாயிடும் மேடம். உங்க டேட்டா எல்லாம் காப்பி எடுத்துத் தந்துடுவோம்” என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்ன ஆலோசனை அல்ல. பெரும்பாலான பழுதுகளுக்கு அவர்கள் கொடுக்கும் மருந்தே அதுதான். ஆனால் இந்தப் பழுதுக்கு அது நஞ்சு. ஏன் என்பதைக் குன்னூர்க் கடைக்காரர் விளக்கிய பிறகே எனக்கு முழுமையாகப் புரிந்தது. கணினியில் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்திருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குரோமும், அதற்கு அடித்தளமான குரோமியம் என்ற நிரலின் மேல் கட்டப்பட்ட பிற உலாவிகளும் சேமித்த கடவுச்சொற்களை ‘லாகின் டேட்டா’ என்ற கோப்பில் வைக்கின்றன. அது எஸ்க்யூலைட் வகையைச் சேர்ந்த ஒரு சிறு தரவுத்தளம். தளத்தின் முகவரியும் பயனர் பெயரும் அதில் வெளிப்படையாகவே இருக்கும்; கடவுச்சொல் மட்டும் குறியாக்கப்பட்டிருக்கும். குறியாக்கத்தை நீக்கும் திறவுகோல் ‘லோக்கல் ஸ்டேட்’ என்ற இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்தத் திறவுகோலையும் விண்டோஸின் டிபிஏபிஐ என்ற பாதுகாப்பு அமைப்பு, குறிப்பிட்ட கணினியின் குறிப்பிட்ட பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. 2020இல் வந்த குரோம் 80ஆம் பதிப்பிலிருந்து இந்த இரட்டை ஏற்பாடு இருந்து வருகிறது. 2024க்குப் பிறகு இதன் மேல் இன்னும் ஒரு பூட்டும் சேர்ந்திருக்கிறது. ஆகவே கோப்புகளை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினால், பணப்பெட்டியைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சாவி இருந்த வீட்டை இடித்த கதையாகிவிடும். கோப்பு முழுதாக இருக்கும். அதற்குள் உள்ளதை எவராலும் படிக்க முடியாது. விண்டோஸின் உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை நிர்வாகி அதிகாரத்தைக் கொண்டு வலுக்கட்டாயமாக மாற்றினாலும் இதே கதிதான். பழுதுபார்ப்புக் கடைகளில் சர்வ சாதாரணமாக நடக்கும் வேலை அது. பயர்பாக்ஸின் ஏற்பாடு வேறு: கடவுச்சொற்கள் இருக்கும் ‘லாகின்ஸ்.ஜேசன்’ கோப்பும் திறவுகோல் இருக்கும் ‘கீ4.டிபி’ கோப்பும் ஒரே புரொஃபைல் கோப்புறைக்குள் இருக்கின்றன. (புரொஃபைல் என்பது ஒரு பயனரின் அமைப்புகளையும் சேமிப்புகளையும் உலாவி தனியாக வைத்திருக்கும் தொகுப்பு.) இரண்டையும் சேர்த்து எடுத்துச் சென்றால் வேறு கணினியிலும் திறக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துச் சென்றால் பயனில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் குன்னூர்க் கடையின் வேலைமுறைக்கு என்ன மதிப்பு என்பது தெரியும். லேப்டாப்பை மேசை மேல் வைத்ததும் கடைக்காரர் அதைத் திறக்கவே இல்லை. “கடைசியா எப்போ சரியா வேலை செஞ்சதுங்க மேடம்? அதுக்கப்புறம் என்னென்ன மாறுச்சு?” என்று கேட்டார். விண்டோஸ் கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா, புதிய ஆன்டிவைரஸ் போட்டீர்களா, உலாவியின் மேல் மூலையில் தெரியும் புரொஃபைல் படம் வழக்கமானதுதானா, ஒத்திசைவு, அதாவது போன் முதலிய மற்றக் கருவிகளோடு பட்டியலைப் பகிரும் ‘சிங்க்’ வசதி, இயக்கத்தில் இருந்ததா, இன்னமும் உள்நுழைந்த நிலையிலேயே இருக்கும் தளங்கள் ஏதேனும் உண்டா என்று வரிசையாகக் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார். கடவுச்சொல் தொலைந்துவிட்டது என்று வருபவர்களில் கணிசமானவர்கள், தங்களையறியாமல் வேறொரு புரொஃபைலுக்குள் நுழைந்திருப்பவர்களாம். அவர்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்றார். வாடிக்கையாளர்தான் எதையோ அழுத்திக் கெடுத்திருப்பார் என்ற முன்முடிவு அவரது ஒரு கேள்வியில்கூடத் தென்படவில்லை. இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

அடுத்து, உள்ளே நுழைவதற்கான பின் எண்ணை அவர் கேட்கவில்லை. பல கடைகளில் ரசீதின் மூலையிலேயே பின் எண்ணை எழுதி வாங்கி, அதை லேப்டாப் மூடியில் டேப் போட்டு ஒட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே, “நீங்களே போடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்” என்பதுதான் வழக்கம். கடவுச்சொல் சம்பந்தப்பட்ட வேலை என்றால் வாடிக்கையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதும் கடையின் விதி. ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது தொல்லைதான். ஆனாலும் விதி சரியான விதி.

பிறகு வைஃபையை அணைத்தார். ஒத்திசைவு எங்களிடம் இயக்கத்தில் இல்லை என்று நான் சொல்லியிருந்தும் அணைத்தார். ஒரு வேளை இருந்தால், காலியான பட்டியலை உலாவி மெய்யென்று நம்பி, போன் முதலிய மற்றக் கருவிகளில் இருக்கும் நல்ல பட்டியலையும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அதன் பின் உலாவியை முழுவதுமாக மூடி, பின்னணியில் ஓடும் அதன் துணுக்குகளையும் நிறுத்திவிட்டு, “தம்பி, முதல்ல காப்பி எடு” என்று உதவியாளரிடம் சொன்னார். உலாவியின் தரவு அனைத்தும் இருக்கும் ‘யூசர் டேட்டா’ கோப்புறை முழுவதும் வெளி டிரைவுக்குப் போனது. இந்த நகல் வேறு கணினியில் திறக்காது என்பது அவருக்குத் தெரியும்; ஆனால் இதே கணினியில், இதே பயனர் கணக்கில், ஏதேனும் விபரீதம் நடந்தால் திரும்ப வைக்க இது போதும். இதற்குப் பிறகு செய்தவை எல்லாம் நகலின் நகலில்தான். உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, நீக்கும்போது தோன்றும் ‘உலாவல் தரவையும் அழி’ என்ற கட்டத்தில் பலரும் டிக் போட்டுவிடுவதாகவும், அதன் பிறகு தன்னிடம் வருவதில் பயனில்லை என்றும் சொன்னார்.

நகலில் இருந்த தரவுத்தளத்தை எழுதும் அனுமதியில்லாமல், படிக்க மட்டும் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் தளங்களின் முகவரிகளும் பயனர் பெயர்களும் வரிசை வரிசையாக அதில் இருந்தன. அதாவது எதுவும் அழியவில்லை. உலாவி காட்ட மறுக்கிறது, அவ்வளவுதான்.

திறவுகோல் கெட்டதா, உலாவியின் நிரல் கெட்டதா என்ற கேள்வி எழுந்தது. இங்கேதான் அவர் முதலில் கேட்ட கேள்வி ஒன்று உதவியது. பழைய உள்நுழைவு கலையாமல் இருந்த தளங்கள் எங்களிடம் உண்டு. மின்னஞ்சலும் ஒரு முன்பதிவுத் தளமும் கடவுச்சொல் கேட்காமலேயே திறந்தன. அந்த உள்நுழைவைத் தாங்கி நிற்கும் குக்கிகள் என்ற சிறு பதிவுகளும் விண்டோஸ் கணக்கின் பாதுகாப்புக்குள்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. டிபிஏபிஐ பழுதாகியிருந்தால் அவையும் சேர்ந்து செத்திருக்கும். எல்லாத் தளங்களும் வெளியே தள்ளியிருக்கும். 2020இல் விண்டோஸ் 10இன் 2004 என்ற பதிப்பில் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் அவுட்லுக்கும் உலாவிகளும் கடவுச்சொற்களை மறந்தன. வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் பதிந்திருந்த ஒரு வகைத் திட்டப் பணிகள்தான் அதற்குத் தூண்டுகோல் என்று தெரிந்து, அவற்றைக் கண்டுபிடித்து முடக்குவதற்கு, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் இட வேண்டிய கட்டளையை மைக்ரோசாஃப்ட் தற்காலிகத் தீர்வாகத் தந்தது. எங்கள் லேப்டாப்பில் நிலைமை அதுவல்ல. விண்டோஸ் நலமாக இருந்தது. சந்தேகம் உலாவியின் மேல் விழுந்தது.

ஒரு புதிய புரொஃபைலை உருவாக்கி, அதில் ஒரு பொய்க் கடவுச்சொல்லைச் சேமித்துப் பார்த்தார். அது பட்டியலில் ஒழுங்காகத் தோன்றியது. ஆகவே புதிய பதிப்புக்குக் கடவுச்சொல்லைச் சேமிக்கவும் காட்டவும் தெரிகிறது. எங்கள் பழைய கோப்பில் உள்ள எதுவோ ஒன்றுதான் அதன் காலை இடறுகிறது. அது எது என்று கண்டுபிடிக்க அவர் செய்ததுதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. நகலிலிருந்த வரிசைகளைச் சேமித்த தேதிப்படி இரண்டு பாதியாகப் பிரித்தார். மூலக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, புதிய பாதியை மட்டும் கொண்ட நகலை அதன் இடத்தில் வைத்து உலாவியைத் திறந்தார். பட்டியல் தெரிந்தது! பழைய பாதியை வைத்தபோது வெறுமை. அந்தப் பழைய பாதியை மீண்டும் இரண்டாக்கினார். இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனதில், குற்றவாளிகள் பட்டியலின் மிகப் பழைய முனையில் இருந்த ஒரு சிறு கூட்டம் என்று தெரிந்தது. அவை இந்த லேப்டாப்புக்கு முன்பு இருந்த கணினியில் சேமிக்கப்பட்டு, கோப்பு நகலாக இங்கே வந்து சேர்ந்தவை. அந்தக் கணினியின் திறவுகோல் இங்கே இல்லாததால் அவை இங்கே ஒருநாளும் திறந்திருக்க முடியாது. பழைய பதிப்பு அத்தகைய வரிசைகளைச் சத்தமில்லாமல் தாண்டிச் சென்று மற்றவற்றைக் காட்டியது. புதிய பதிப்போ திறக்காத முதல் வரிசையிலேயே நின்று, மொத்தப் பட்டியலும் இல்லை என்று கைவிரித்துவிட்டது.

பாதியாக்கித் தேடும் இந்த உத்தி மென்பொருள் உருவாக்குபவர்களிடையே புதிதல்ல. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்னும் ரிக்ரஷன் வகைப் பிழைகளை எந்த மாற்றம் கொண்டுவந்தது என்று கண்டறிய அவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில், கிட் பைசெக்ட் என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. பயர்பாக்ஸுக்கு மோஸ்ரிக்ரஷன் என்ற கருவி உண்டு. அது நாள்தோறும் வெளியாகும் பதிப்புகளைத் தானே தரவிறக்கி ஓட்டிக்காட்டி, ‘இதில் சரியா, தவறா’ என்று கேட்டுக் கேட்டு, பிழை எந்த நாளில் நுழைந்தது என்று சொல்லிவிடும். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் பத்துக் கேள்விகளில் முடிந்துவிடும். கடைக்காரர் அதே கணக்கைப் பதிப்புகளுக்குப் பதிலாக எங்கள் தரவின் மீது போட்டார். மலையோரத்து மாடிக் கடையில் இதை எதிர்பார்த்து நான் போகவில்லை.

இதே குணமுள்ள பிழை உலக அளவில் ஏற்கெனவே வந்து போனது என்பதையும் அவர்தான் நினைவூட்டினார். 2024 ஜூலை 24, 25 தேதிகளில், விண்டோஸில் குரோம் 127ஆம் பதிப்புக்கு மாறியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சேமித்த கடவுச்சொற்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. புதிதாகச் சேமித்தவையும் தெரியவில்லை. ஏறக்குறைய 18 மணி நேரம் நீடித்த அந்தக் கோளாறுக்குக் கூகுள் வருத்தம் தெரிவித்தது. உரிய தடுப்பு ஏற்பாடு இல்லாமல் வெளியான ஒரு மாற்றமே காரணம் என்று விளக்கியது. முழுத் தீர்வு வரும்வரை, குறிநீக்க முடியாத கடவுச்சொற்களைத் தாண்டிச் செல் என்று பொருள்படும் ஒரு சொற்றொடரைக் குரோமைத் தொடங்கும் கட்டளையோடு சேர்க்கும்படி பயனர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பெயரே நோயைச் சொல்லிவிடுகிறது. எங்கள் வழக்கில் கடைக்காரர் குறுக்கே நிற்கும் வரிசைகளைத் தேட முனைந்ததற்கு இந்த நினைவுதான் காரணம்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு, நானும் கேட்டேன். அவர் மறுத்தார். புதிய பதிப்பு ஒருமுறை தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு பெரும்பாலும் ஏற்காது. பயர்பாக்ஸ் 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து இதை வெளிப்படையாகவே தடுத்து, புதிய புரொஃபைலை உருவாக்கச் சொல்கிறது. குரோமியம் குடும்பத்திலும் தரவுத்தளத்தின் பதிப்பெண் உயர்ந்துவிட்டால் பழைய நிரலுக்கு அது புரியாது. அதோடு, பாதுகாப்புத் திருத்தங்களை இழந்துவிட்டு வங்கி வேலைக்கும் பயன்படும் ஒரு கணினியில் பழைய உலாவியை ஓட்டுவது சரியல்ல. திறக்காத அந்தச் சில வரிசைகள் மட்டும் நீக்கப்பட்ட நகலை அதன் இடத்தில் வைத்தார். புதிய பதிப்பிலேயே மற்ற எல்லாம் தெரிந்தன. நீங்கியவற்றில் இன்றும் தேவைப்படும் கணக்கு ஒன்றும் இல்லை. மூலக் கோப்பை அவர் அழிக்கவில்லை. பெயர் மாற்றிய நிலையிலேயே வைத்திருக்கும்படி சொன்னார். பதிப்பெண், விண்டோஸின் பதிப்பு, பிழையை மறுபடி வரவழைக்கும் வழி ஆகியவற்றை எழுதி உலாவி நிறுவனத்தின் பிழை அறிவிப்புப் பக்கத்தில் என் பெயரிலேயே பதிவிடவும் வைத்தார். கோப்பை மட்டும் எவர் கேட்டாலும் அனுப்பக் கூடாது என்பது அவரது கண்டிப்பு. பிறகு வந்த ஒரு புதுப்பிப்பில் மூலக் கோப்பை வைத்துப் பார்த்தபோதும் பட்டியல் தோன்றியது.

உலாவியை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்பதால் கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச, திறமூலச் செயலியையும் நிறுவித் தந்தார். கடவுச்சொற்கள் அனைத்தையும் குறியாக்கம் செய்த ஒரே கோப்பில் வைக்கும் செயலி அது. இணையம் இல்லாமலேயே வேலை செய்வதால் நெட்வொர்க் போய் வரும் மலை வீடுகளுக்குப் பொருத்தமானது. கோப்பை எந்தக் கணினிக்கும் கொண்டுபோய்த் திறக்கலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மட்டும் எவராலும் மீட்க முடியாது. உலாவியிலிருந்து இதற்கு மாற்றும்போது இடையில் சிஎஸ்வி என்ற வகையில், வெறும் எழுத்தாலான ஒரு பட்டியல் கோப்பு உருவாகிறது. அதில் எல்லாக் கடவுச்சொற்களும் எவரும் படிக்கும்படி அப்படியே கிடக்கும். அதை டெஸ்க்டாப்பில் வைத்தால் ஒன்டிரைவ் தானாக மேகத்துக்கு ஏற்றிவிடக்கூடும் என்பதைக் கவனித்து வேறிடத்தில் வைத்து, வேலை முடிந்ததும் குப்பைத்தொட்டியில் தங்காதபடி அழித்தார். இத்தகைய நுணுக்கங்களில்தான் கடையின் தரம் தெரிகிறது.

இனி குறைகள். நகல் எடுத்த வெளி டிரைவு கடையினுடையது. அதற்குக் குறியாக்கம் கிடையாது. எங்கள் நகலை அழிக்கும்படி நான்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் என் கண் முன்னாலேயே அழித்தார் என்றாலும், கேட்காத வாடிக்கையாளர்களின் நகல்கள் அங்கே எவ்வளவு காலம் கிடக்கும் என்ற கவலை எழாமல் இல்லை. பின் எண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளும் அளவுக்குக் கவனமுள்ளவர் இதையும் கவனிக்க வேண்டும். கடையில் யுபிஎஸ் கிடையாது. மின்சாரம் போனால் வேலை நிற்கும், அல்லது லேப்டாப் பேட்டரியின் தயவில் நடக்கும். இந்த வகை வேலை உரிமையாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். உதவியாளர் தம்பி பணிவானவர், ஆனால் உதிரிபாகம் மாற்றுவதோடு அவர் எல்லை முடிகிறது. கடைக்காரர் வெளியே போயிருக்கும் நேரத்தில் சென்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அவருடைய பேச்சும் நீளம். ஒவ்வொரு படிக்கும் விளக்கம் தருவார், எனக்கு அது பிடித்திருந்தது, என்னோடு வந்திருந்த என் நாத்தனார் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். ரசீது கேட்டால்தான் கிடைக்கும். அதிலும் ‘சாஃப்ட்வேர் சர்வீஸ்’ என்று ஒரே வரிதான். என்ன செய்தார், எதை நீக்கினார் என்று எழுதித் தந்திருந்தால் அடுத்த முறை வேறு யார் பார்த்தாலும் உதவியாக இருந்திருக்கும்.

கட்டணம் 800 ரூபாய். யுபிஐ வாங்குகிறார்கள், கார்டு இல்லை. பார்மட் செய்து, டேட்டா எடுத்துத் தருவதற்கு முதல் கடை கேட்டது இதைவிட அதிகம் என்பதால் எனக்கு இது மலிவாகவே பட்டது. பாகம் எதுவும் மாற்றாத வேலைக்கு இவ்வளவா என்று கேட்பவர்களும் இருக்கக்கூடும்; அவர்கள் தங்கள் கணக்குகளின் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். மென்பொருள் கோளாறுகளுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். தரவின் பாதுகாப்பில் அந்த டிரைவு விஷயம் சரியாகும்வரை மூன்றரைதான். வன்பொருள் பழுதுக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடவுச்சொற்கள் மறைந்தது தெரிந்தவுடன் உலாவியை மூடிவிட்டு, அதில் புதிதாக எதையும் சேமிக்காமல் லேப்டாப்பைக் கொண்டு செல்லுங்கள். போனில் அதே உலாவியை ஒத்திசைத்து வைத்திருப்பவர்கள் முதலில் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, அதில் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைக்கே போக வேண்டியிருக்காது. நகல் எடுக்க உங்கள் சொந்த வெளி டிரைவை எடுத்துச் சென்றால் நான் சொன்ன கவலை நீங்கும். கடைக்காரர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். லேப்டாப் வாங்கியபோது வந்த பெட்டியையும் பில்லையும் அவர் கேட்பதில்லை. விண்டோஸ் பின் எண் நினைவில் இருந்தால் போதும்.